இடது கால் கம்பெனியிலிருந்து சின்ன மாமாவுக்கு

அன்பும் மரியாதையும் உள்ள சின்ன மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சௌகரியம். அப்பாவின் முழங்கால் மட்டும் சௌகரியமில்லை. அதை எப்போதும்போல் தனிக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்களும் அத்தையும் நலமா? துறைமுகத்தில் காற்று பலமாக அடிக்கிற நாளில் கிரேனில் ஏற வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள். அது உங்கள் கையில் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எழுது என்றாள், எழுதிவிட்டேன்.

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "நான் இறக்குற பெட்டியெல்லாம் உங்க பக்கத்துல இருந்துதான் வருது. செய்யிறது பூரா நீங்க, வசதியா இருக்கிறது மட்டும் இந்த நாட்டுக்காரங்க. பொருளாதாரம் படிச்ச பொண்ணு, நீ சொல்லு, அது எப்படி?" என்றீர்கள். நான் "ம்ம், மாமா" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. கொஞ்சம் தெரியும். ஆனால் போனில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா ஷூவுக்கு நாக்கு தைக்கிறவள், கயிற்றுக்கு அடியில் இருக்குமே அந்தத் தோல். "ஊருக்கெல்லாம் நாக்கு வச்சுக் கொடுக்கிறேன், பெத்த பொண்ணுக்கு வைக்க முடியலையே" என்பதுதான் கம்பெனியில் அவள் சொல்லும் ஒரே நகைச்சுவை. தினமும் சொல்கிறாள்.

உங்களிடம் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன், வெட்கம்தான் காரணம். நானும் அம்மாவும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது இடது கால் கம்பெனி. ஒன்பது வருடமாக இடது கால் ஷூ மட்டும்தான் செய்கிறோம். வலது கால் வேறொரு நாட்டில், எங்களைப்போல ஒரு கம்பெனியில் செய்கிறார்கள். இரண்டும் தனித்தனிக் கப்பலில் போய் வாங்குகிறவர்களின் கிடங்கில்தான் முதன்முதலாக ஒன்றையொன்று பார்க்கின்றன. திருட்டுப் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று சொல்லிக்கொள்வார்கள். அதனால் எங்கள் வாட்ச்மேன் அண்ணன் யாருடைய பையையும் திறந்து பார்த்ததில்லை. நிம்மதியாகத் தூங்கி நல்ல நிறமாக இருக்கிறார். தோலைச் சொன்னால் சிரிப்பீர்கள். நம்ம ஊர் மாட்டுத்தோல் பச்சையாகக் கப்பலேறிப் போய், ஒரு நாட்டில் பதமாகி, இன்னொரு நாட்டில் சாயம் பூசிக்கொண்டு, நம்மிடமே திரும்பி வருகிறது. மெஷின் ஒரு நாடு, அடிப்பாகம் ஒரு நாடு, கயிறு ஒரு நாடு. நான் பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை மாமா, மாடு உலகத்தையே சுற்றிவிட்டு வந்திருக்கிறது. போகிற இடத்திலெல்லாம் அதன் விலை கொஞ்சம் ஏறுகிறது. இங்கே எங்கள் கைக்கு வரும்போது ஏறுவது எங்கள் முதுகுவலி மட்டும்.

கல்லூரியில் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு நாடும் தனக்கு எது நன்றாக வருகிறதோ அதைச் செய்து விற்க வேண்டும், மற்றதை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது எல்லோரும் முன்னேறலாம். ஒப்பீட்டு நன்மை என்று பெயர். அதில் நல்ல மார்க் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யோசிக்கிறேன்: இடது காலில் நமக்கு அப்படி என்ன திறமை? நம்ம மண்ணில் இடது கால்தான் நன்றாக விளையும், வலது கால் போட்டால் பூச்சி விழுந்துவிடும் என்று யார் கண்டுபிடித்தது? வாத்தியார் இதையெல்லாம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, பின்வரிசையில் இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வாங்குகிற கம்பெனியிலிருந்து தகவல் வந்தது: கப்பல் வாடகை ஏறிவிட்டதால் இரண்டு கால்களையும் ஒரே இடத்தில் செய்யப் போகிறார்கள். ஒன்று இங்கே, இல்லையென்றால் அங்கே. அங்கே என்றால் இங்கே கேட்டைப் பூட்ட வேண்டியதுதான். வலது கால் செய்து காட்டுங்கள், எங்கள் மேடம் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். ஆபீஸில் இங்கிலீஷ் கடிதமெல்லாம் என் பொறுப்பு என்பதால் முதலாளி என்னைப் படிக்கச் சொன்னார், படித்தேன். திரும்பவும் படிக்கச் சொன்னார். திரும்பப் படித்தாலும் அதேதான் இருந்தது. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. அம்மாவும் நானும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் இரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். அப்போதுதான் நீங்கள் முன்பு சொன்னது, அங்கே கிடங்கில் வேலை இருக்கிறது, வந்துவிடு என்றது, எனக்கு நினைவுக்கு வந்தது.

சரி, வலது கால்தானே, இடது காலைத் திருப்பினால் வலது கால் என்று எல்லோரும் நினைத்தோம். தைத்த தோலை மாட்டி ஷூ வடிவத்துக்குக் கொண்டுவருகிற வலது கால் அச்சு வந்துவிட்டது, துண்டின் வடிவத்திலேயே தோலை வெட்டுகிற கத்தி வரவில்லை. எங்கள் சூப்பர்வைசருக்கு அர்ஜென்ட் அண்ணன் என்று பெயர். எதைச் சொன்னாலும் ஏற்கெனவே லேட் ஆகிவிட்டது மாதிரி சொல்வார். அவர், பழைய கத்தியே போதும், தோலைக் கவிழ்த்துப் போட்டு வெட்டினால் வலது கால் வரும் என்றார். சரியான யோசனைதான். கவிழ்த்து வெட்டினார்கள். வெட்டின துண்டு தையல் மேசைக்கு வந்தது. அங்கே பெண்கள் எல்லோரும் பேசிக்கொண்டே தைக்கிறவர்கள். கண் பார்ப்பதற்கு முன்னால் கை வேலையை முடித்துவிடும். கைக்குத் தெரிந்தது ஒரே கால்தான். துண்டு எப்படி வந்தாலும் பழகின வாக்கில் புரட்டிப் புரட்டித் தைத்துத் தள்ளிவிட்டார்கள். பசை ஒட்டுகிற இடத்தில் அச்சில் மாட்டப் பார்த்தால் ஏறவில்லை. இழுத்தார்கள், தட்டினார்கள், அர்ஜென்ட் அண்ணன் திட்டினார். அப்புறம்தான் பார்த்தோம். இவ்வளவு பாடுபட்டு நாங்கள் செய்திருந்தது இன்னும் ஒரு கூடை இடது கால். அதுவும் உள்பக்கம் வெளியே.

அப்புறம் என்ன, எல்லோரும் மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தார்கள், பேசக்கூடாது என்று வைத்துப் பார்த்தார்கள். பேசாமல் தைத்ததில் இரண்டு பேருக்குத் தலைவலி வந்துவிட்டது. மேடம் வருகிற காலையில் உருப்படியாக ஒரே ஒரு வலது கால் தேறியது. அதைத் துடைத்து, பக்கத்தில் ஒரு இடது காலையும் வைத்தார் முதலாளி. மாமா, ஒன்பது வருடத்தில் எங்கள் கம்பெனியில் யாரும் ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை. தையல் பெண்கள், வாட்ச்மேன், சமையல்கார அக்கா எல்லாரும் வந்து பார்த்தார்கள். இரட்டைப்பிள்ளை மாதிரி இல்லை, அண்ணன் தங்கை மாதிரி இருந்தது. இருந்தாலும் ஜோடி. அம்மா குனிந்து நாக்கை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மேடம் வந்தார், தன்னுடைய ஷூவைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நடந்தார். மொழிபெயர்க்க நான். முதலாளி மூச்சு விடாமல் பேசினார்: ராத்திரி பகல் பார்க்கமாட்டோம், எங்க பொண்ணுங்க கை தங்கம், இவங்களை நம்பி இத்தனை வீடு இருக்கு என்று. அத்தனையும் எனக்குள் போய், "எங்களால் முடியும்" என்று மட்டும் வெளியே வந்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், நான் மீதியைத் தின்றுவிட்டேன் என்றே நினைத்திருப்பார். அந்தப் பதற்றத்தில்தான் மாமா, கல்லூரியில் கேட்காத கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது. எங்களுக்கு ஏன் இடது கால் மட்டும் கொடுத்தீர்கள் என்று மேடத்தையே கேட்டுவிட்டேன்.

அவர் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு சாதாரணமாக, "முழு ஜோடி செய்யத் தெரிந்தவர்களுக்கு நாங்கள் எதற்கு?" என்றார்.

ஷூவைக் கழற்றி வைத்தார், கை கொடுத்தார், முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லிக் கார் ஏறிவிட்டார்.

இன்றோடு பல நாள் ஆகிவிட்டது, பதில் இல்லை. "ஏம்மா, வாயே திறக்காத பொண்ணு, திறந்தா இப்படியா திறப்பே?" என்றார் முதலாளி. அர்ஜென்ட் அண்ணன் முதன்முறையாக மெதுவாக நடக்கிறார். தையல் மேசையில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஆகவே அம்மாவும் அப்பாவும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள்: நான் உங்களிடம் வருகிறேன். அந்தக் கிடங்கு வேலையைச் சொல்லி வையுங்கள். அதிகம் பேச வேண்டாத இடமாக இருந்தால் நல்லது. உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இவ்வளவுதான்: ஒரு நாட்டுக்கு ஒரு கால் மட்டும் கொடுத்தால் அது நிற்கும், நடக்காது. இதைப் பரீட்சையில் எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டார்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இரண்டு பேர் ஆசியும் இந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் வருகிறேன் என்ற இடத்தை அடித்துவிடுங்கள் மாமா. கவரை ஒட்டப்போகும்போது பதில் வந்துவிட்டது. ஒரே இடத்தில் செய்கிற யோசனையைக் கைவிட்டுவிட்டார்களாம். இனி வலது கால் எங்களுக்கு, இடது கால் அந்த நாட்டுக் கம்பெனிக்கு. ஏன் என்று எழுதவில்லை. மேடம் சொன்னதுதான் காரணமாக இருக்கும்: புதுக் காலைப் பழகுவதற்குள் பழைய காலைக் கை மறந்துவிடும், முழு ஜோடி யாருக்கும் வராது. முதலாளி பின்கட்டுக் கிடங்கைத் திறக்கச் சொன்னார். பழைய மாடல், வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன இடது கால் கூரை வரைக்கும் கிடக்கிறது. அந்த நாட்டிலும் இப்படித்தானே வலது கால் கிடக்கும் என்று கேட்டுவிட்டேன், இந்த மாதத்தில் இரண்டாவது கேள்வி. "அப்போ எழுதும்மா அவங்களுக்கு" என்கிறார். நடுவில் யாரும் வேண்டாமாம், இரண்டையும் நாமே ஜோடி சேர்த்து விற்கலாமாம். எழுதுகிறவள் நான்தான், பதில் வந்தால் பேசப்போகிறவளும் நான்தான். விலாசம் கிடைத்துவிட்டது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. "அன்புள்ள வலது கால் கம்பெனியாருக்கு" என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்களா?