சித்தி ராணியாக உட்கார்ந்த பன்னிரண்டு நாள்

எங்கள் வீட்டு வாயாடியாக வளர்ந்து, இன்று லட்சம் பேர் கேட்கும்படி பேசுகிற அக்கா மகளுக்குச் சித்தி எழுதுவது. நானும் சித்தப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் என் நன்றி. "சம்பாதிக்கிறது ஆம்பளையோட பாரம். பெண்ணுரிமைன்னு சொல்லி நம்மளை ஏமாத்திட்டாங்க. வீட்டுல ராணியா உக்காருங்க" என்று நீ பேசிய வீடியோவைச் சித்தப்பாதான் எனக்கு அனுப்பினார். அப்போது நான் பட்டறையில் தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போல முன்னால் நாற்காலி போட்டு, வருகிறவர்களிடம் "நம்ம கைவேலை பேசும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாகச் சுற்றுவது என் கை, பேசுவது அவர் வாய். பெற்ற பெண் மாதிரி நீ சொல்லி நான் தட்டலாமா? கம்பியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் தூங்கினேன் பார், அப்படி ஒரு தூக்கம்! விரல் வெட்டுகூட ஆற ஆரம்பித்தது. சித்தப்பாவோ பாரத்தைத் தூக்கினார். ரொட்டிக்கடைப் புகைவிசிறியை அவரே சுற்றிக் கொடுக்க, அது தலைகீழாய் ஓடி, வெளியே போகவேண்டிய புகையை உள்ளேயே ஊதி, கடைக்காரர் மாவும் கரியுமாய் வந்து நின்று, "அம்மா எங்கேய்யா?" என்கிறார். "எப்பவும் நான்தானே பண்றேன்?" என்று இவர் சொல்ல, "அப்ப இந்த ஒண்ணை மட்டும் யாரு பண்ணது?" என்று அவர் கேட்க, அந்தச் சூடு ஆறுவதற்குள் இவர் மோட்டார் சுற்றிக் கொடுத்த பல் டாக்டரின் நாற்காலி மேலே போனது இறங்காமல், வாயைப் பிளந்த நோயாளி அந்தரத்தில் தொங்க, டாக்டர் ஸ்டூல் போட்டு ஏறிப் பல் பிடுங்கினாராம்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் விரலெல்லாம் பிளாஸ்திரியோடு வந்தார். தட்டைத் தொடவில்லை. "எப்படித்தான் இத்தனை வருஷம் பண்ணே? நீதான் பண்றேன்னு நான் ஒருத்தர்கிட்டகூடச் சொன்னதில்லையே" என்றார். மறுநாள் சாப்பாடு கொண்டுபோனேன். பட்டறை நிறைய ஆள். என்னைக் காட்டி, "கைவேலை இவங்களோடதுங்க. நான் சும்மா பேசறவன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாரம்மா! நீ மட்டும் அந்த வீடியோ போடாமல் இருந்தால் இந்த ஒரு வார்த்தை இந்த ஜென்மத்தில் என் காதில் விழுந்திருக்குமா? உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு, நன்றி மறவாத சித்தி.

பி.கு.: தயவு செய்து இதை வீடியோவில் வாசித்துவிடாதே. நான் திங்கட்கிழமையே பட்டறைக்குத் திரும்பிட்டேன், ராணி வேலை சரிப்படலை. உங்கம்மா எல்லாம் சொன்னா. மாப்பிள்ளைக்கு வேலை போனதிலிருந்து படம் எடுக்கறது, வெட்டி ஒட்டறது, விளம்பரக்காரங்களோட மல்லுக்கட்டறது, குடும்பத்தை இழுக்கறது எல்லாம் நீ ஒருத்தியாமே. முகமே வாடிப்போச்சாம். கொஞ்ச நாள் இங்கே வந்து இருடி கண்ணு. நீ சம்பாதிக்கிற பொண்ணுன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.