முதிரையாரும் முடிவெடுக்கத் தெரியாத பூவும்

"வாசிகசாலைச் செயலாளருக்கு. நேற்றைய கூட்டத்தில், ஒரு கிழமையில் வாடிப்போகிற பூவைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினீர். நூறு வருடம் நிற்கிற முதிரை மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதற்கு விளக்கம் தேவை. இப்படிக்கு, மிகுந்த மனவருத்தத்துடன்."

கடிதத்தில் திகதி இல்லை. கோபத்தில் எழுதுகிறவர்கள் திகதி போடுவதில்லை. அது எனக்கு இன்னொரு கோபம். பின்பக்கத்தில் நானே '1994 கார்த்திகை' என்று குறித்து வைத்தேன். பூவோடு கோபித்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவர்தான் இதை எழுதிய முதிரையார்.

கனகராயன்குளத்தில் கண்டி வீதியோரம், மரம் அரிந்து விற்கும் அவருடைய மரக்காலை இருந்தது. பாலை, முதிரை, வேம்பு எல்லாம் விற்றார். ஆனால் முதிரை கேட்டு வந்தவர்களைத்தான் கதிரை போட்டு இருத்துவார். மனிதர்களையும் அவர் இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தார்: முதிரை, பூ. சொன்ன நேரத்துக்கு வராதவன் பூ. கதைத்துக் கதைத்துக் காரியம் செய்யாதவன் பூ. கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கராகவும் வாசிகசாலையில் செயலாளராகவும் இருந்த என்னை, கொஞ்சம் இரக்கப்பட்டு, 'அரைப்பூ' என்று வைத்திருந்தார்.

சங்க மனேச்சரின் மகனுக்குக் கலியாணம். எல்லாரும் மணவறையில் மாலை போட, முதிரையார் தோளில் ஒரு உலக்கையோடு ஏறினார். முதிரை வைரத்தில் கடைந்தது. மாப்பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, "தம்பி, கழுத்திலை கிடக்கிறது நாளைக்கு ஆட்டுக்கு. இதிலை உம்முடைய பேத்தியும் மா இடிப்பா" என்றார். பெண்ணின் தாய்க்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். "தாலி கட்டின கையோடை உலக்கையைக் குடுக்கிறார்! என்ன மனுசனப்பா இது!" மாப்பிள்ளை ஒரு கையில் உலக்கையும் மறு கையில் பெண்ணின் விரலுமாக மணவறையைச் சுற்றிவந்தார். படம் இருக்கிறது.

நான் கூட்டத்தில் பேசியது கார்த்திகைப்பூவை, அதாவது காந்தளைப் பற்றி. பிற்காலத்தில் போராட்டச் சின்னமாகி அந்தப் பூவுக்கு ஏறிய அர்த்தங்கள் ஒன்றும் அப்போது அதன்மேல் இல்லை. மாரி மழை தொடங்கியதும் காட்டோரத்தில் கொடியாக எழும்பும் காட்டுப்பூ, அவ்வளவுதான். கடிதத்துக்கு விளக்கம் சொல்ல நேரிலேயே போனேன்.

"அண்ணை, அது பச்சையாய்ப் பூத்து, மஞ்சளாகி, ஓரம் சிவந்து, கடைசியிலை முழுக்க நெருப்பு மாதிரி நிக்கும். ஒரு பூவுக்குள்ளை நாலு பூ."

"அதைத்தான் நானும் சொல்லுறன்! முடிவெடுக்கத் தெரியாத பூ. முதிரையைப் பாரும். அரிஞ்ச அண்டைக்கும் மஞ்சள், பேரன்ரை காலத்திலையும் மஞ்சள். ஒரு வார்த்தை, ஒரு நிறம்."

"கிழங்கைப் பாத்தனீங்களோ? கலப்பை மாதிரி இருக்கும். மண்ணுக்குள்ளை படுத்துக் கிடந்திட்டு வருசாவருசம் ஒருத்தரையும் கேளாமல் வருது."

"நஞ்சுக் கிழங்கு! நஞ்சு எங்கை சாகும்?"

உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி பாக்கியமக்கா, "அந்தப் பூவாவது வருசத்துக்கு ஒருக்கா வருது. என்ரை கதவு?" என்றா.

அப்போதுதான் கவனித்தேன். ஊருக்கெல்லாம் கதவுக்குப் பலகை அரிந்து கொடுத்த மனிதரின் வீட்டு வாசலில் ஒரு சாக்குத் தொங்கியது.

காரணம் முற்றத்தில் கிடந்தது. நெடுங்கேணிக் காட்டிலிருந்து வந்த ஒரு முதிரைக் குத்தி, அரியாத முழு அடிமரம். இரண்டு பேர் கட்டிப்பிடிக்கலாம். தலைவாசல் கதவுக்கென்று கலியாணம் கட்டிய வருடமே வாங்கிப் போட்டாராம். அதற்குப் பிறகு அதில் அரிகிற வாளை வைக்க மனம் வரவில்லை. கேட்டால், "இன்னும் காயேல்லை" என்பார்.

"மரம் காயமுன்னம் நான் காய்ஞ்சுபோவன்" என்றா அக்கா.

குத்தியின் அடியில்தான் ஒவ்வொரு கார்த்திகையும் அந்தக் கொடி முளைக்கும். அதைப் பிடித்தே ஏறிப் பூக்கும். முதிரையார் பிடுங்குவார். அடுத்த வருடம் அது அதே இடத்தில் நிற்கும். "என்ரை குத்தியிலை ஏற உனக்கு ஆர் உத்தரவு தந்தது?" என்று கொடியோடு அவர் சண்டை பிடிப்பதை வீதியால் சைக்கிளில் போன சனம் நின்று கேட்டிருக்கிறது. அக்கா மட்டும் பிடுங்கிய பூவை எடுத்துப் போய் சாமிப் படத்துக்கு வைப்பா.

1997இல் சண்டை நெருங்கி வர, கண்டி வீதி நெடுக இடம்பெயர்ந்தோம். எங்களோடு வந்த உழவு இயந்திரத்தில் சனம் அரிசி ஏற்றியது, கோழிக்கூடு ஏற்றியது. முதிரையார் ஆறு பேரைப் பிடித்து, பலகை சாய்த்து உருட்டிக் குத்தியை ஏற்றினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னுடைய புத்தகப் பெட்டிக்கு அதில் இடமில்லாமல் போனது.

"அண்ணை, செல் விழுந்து வெடிக்குது. மரமே முக்கியம்?"

"தம்பி, அது மரமில்லை. பாக்கியத்தின்ரை கதவு" என்றார்.

பாக்கியமக்கா ஒரு சாக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குத்தியின் மேல் ஏறி இருந்தா. தன் கதவின் மேல் இருந்தபடியே ஊரை விட்டுப் போன பெண் அவா ஒருவர்தான்.

அக்கராயனில் காட்டோரம் கொட்டில் போட்டோம். பக்கத்திலேயே மரங்களுக்குக் கீழே பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஈர மண்ணில் உரப்பையை விரித்து இருந்து எழுதினார்கள். எறும்பு கடிக்கும், மழை வந்தால் எழும்பி நிற்பார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் இருந்து படிக்க ஒரு பலகை கூடக் கிடைக்காத நாடு என்ன நாடு என்று இன்றைக்கும் கேட்கிறேன். பிள்ளைகள் இருக்க வாங்கு அடிக்கவென்று பள்ளிக்கூட அதிபர் கொட்டில் கொட்டிலாய் மரம் கேட்டு வந்தார். கடைசியில் முதிரையாரின் குத்திக்கு முன்னால் நின்றார்.

"வாங்கு செய்யவோ? முதிரையிலை வாங்கோ?" முதிரையார் துள்ளினார். "உமக்குக் கண் தெரியேல்லையோ? இது கதவு!"

"இப்ப இது குத்திதானே, ஐயா" என்றார் அதிபர், பணிவாக.

"இன்னும் காயேல்லை!"

அதிபர் போய்விட்டார். அன்று பின்னேரம் மழை பெய்தது. பிள்ளைகள் உரப்பைகளைத் தலையில் பிடித்தபடி எழும்பி நின்றார்கள். பாக்கியமக்கா கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு திரும்பி, "இஞ்சருங்கோ, வாங்கையே அடியுங்கோ. கதவு போட வீடு எங்கை கிடக்கு?" என்றா.

"பாக்கியம், இது உனக்கெண்டு..."

"எனக்கெண்டால் நான் சொல்லுறதைச் செய்யுங்கோ."

அரிவுகாரர் இருவர் வந்தார்கள். ஒருவர் கீழே நின்று இழுக்கக் கிடங்கு வெட்டி, வாள் வைத்தார்கள். முதல் இழுப்புக்கே மஞ்சள் தூள் கொட்டியது. முதிரையார் அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "நல்லாய்க் காய்ஞ்சுதான் இருக்கு" என்றார். எங்கள் ஒருவரின் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. வாங்கு அடித்து முடியும்வரை அதிபரோடு சண்டை: "ஏறி நிக்க விடாதையுங்கோ! பேர் வெட்ட விடாதையுங்கோ! இது முதிரை, விளங்குதோ, முதிரை!" முதல் கிழமையே ஒருத்தன் பேர் வெட்டினான்.

1998 கார்த்திகை. குத்தி கிடந்த இடத்தில், வாங்குகளின் ஓரமாய், ஒரு கொடி எழும்பி வாங்குக் காலைப் பிடித்தது. பிள்ளைகள் கூடிவிட்டார்கள். முதிரையார் விறுவிறென்று வந்தார். பிடுங்கத்தான் போகிறார் என்று நானும் ஓடினேன்.

"தொடாதையுங்கோ!" என்று கத்தினார். பிள்ளைகளைப் பார்த்து. "கிழங்கு நஞ்சு. ஒருத்தரும் கிட்டப் போகப்படாது. இதுக்கு வேலி போடவேணும்."

"பிடுங்கினால் முடிஞ்சுதே அண்ணை?" என்றேன்.

"உமக்கு அறிவிருக்கோ? அது இப்பதான் மஞ்சளாகுது. ஒரு முடிவுக்கு வர விடும்."

அரிந்து மிஞ்சிய முதிரைச் சட்டங்களால் வேலி போட்டார். வேலிக்கு எதற்கு வாசல் என்று அதிபர் கேட்டார். முதிரையார் அதைக் கணக்கெடுக்காமல், முழங்கால் உயரத்தில், பிணைச்சல் எல்லாம் வைத்து ஒரு சின்னப் படலைக் கதவு செய்தார். இழைத்து மினுக்கினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"பாக்கியம், திறந்து பார்."

அக்கா குனிந்து திறந்தா. சாத்தினா. திரும்பத் திறந்தா. பிணைச்சலில் சத்தமே இல்லை. அன்று சாமிப் படத்துக்கு அவா பூ பறிக்கவில்லை.

ஒரு விடயம் மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. அந்தக் கிழங்கு அக்கராயன் மண்ணிலேயே கிடந்ததா, அல்லது உழவு இயந்திரத்தில் அக்கா மடியில் வைத்திருந்த அந்தச் சாக்கு மூட்டையில் வந்ததா என்பது. அது காட்டில் தானாக முளைக்கிற பூ, இரண்டுக்கும் இடமுண்டு. அவாவிடம் ஒருமுறை நேரே கேட்டேன். "உங்களுக்கு எல்லாத்துக்கும் திகதி வேணும்" என்று சிரித்தா. முதிரையாரிடம் கேட்டேன். அவர் கோபமாய், "அதையெல்லாம் ஏன் தம்பி கிளறுறீர்" என்று சொல்லிவிட்டு, படலையைச் சாத்தப் போனார்.