சூப்பர்சார்ஜர் பூட்டிய ஓவசியர்

சூப்பர்சார்ஜர் பூட்டிய காரை வைத்துக்கொண்டு மணிக்கு முப்பத்தைந்து மைலுக்கு மேல் ஓடாத மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான் இருந்திருக்கிறார். அவர் எங்கள் ஓவசியர். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்திருக்க வேண்டும். தபால்காரருக்கு அது தெரிந்திருக்கலாம். இலங்கையில் தெருப் போடுகிற திணைக்களத்தில் மேற்பார்வையாளராக, அதாவது ஓவசியராக, வேலை பார்த்தவர் என்பதால் சிட்னித் தமிழர் எல்லோருக்கும் அவர் ஓவசியர்தான். எல்லோரும் என்றதும் பெரிய கூட்டத்தை நினைத்துவிட வேண்டாம். அது எழுபதுகளின் நடுப்பகுதி. பொங்கலுக்கு அத்தனை பேரையும் கூப்பிட்டாலும் ஒரு பானை போதும், அதிலும் கொஞ்சம் மிஞ்சும்.

பென்டில் ஹில்லில் அவர் வீட்டுப் பின் அறையில்தான் நான் குடியிருந்தேன். வீட்டில் ஓவசியரும் அவர் மனைவி பூமணி அக்காவும் மட்டும். அக்கா ஊரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். இங்கே வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

ஓவசியர் இயல்பிலேயே எதையும் நம்பாதவர். வாசல் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். வெயில் கொளுத்துகிற ஜனவரியிலும் குடை கொண்டு போவார். அப்படிப்பட்டவர் ஒருநாள், எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட, இரண்டு கதவும் எட்டு சிலிண்டரும் கொண்ட ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, யாருடைய கார், எப்போது எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டார்.

காரை விற்றவர் அடுத்த வளவுக்காரர் சார்லி. மோல்டாத் தீவிலிருந்து வந்தவர். முன்னால் கோழிப்பண்ணை, பின்னால் தகரக் கொட்டகை. கோழி முட்டையிடுகிற நேரத்தில் சார்லி கொட்டகைக்குள் பந்தயக் கார் செய்வார். அந்த மஞ்சள் கார் அவருடைய மைத்துனனின் பந்தயக் கார். காரா நானா என்று கலியாணம் பேசிய பெண் கேட்டுவிட்டதால் அவன் காரைக் கைவிட்டிருந்தான்.

எட்டு சிலிண்டரே அதிகம். ஆனால் ஓவசியருக்கு அது போதவில்லை. காரணத்தை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். கலியாணம் முடிந்த புதிதில் மாமனார், மாமியார், அக்கா, அக்காவின் இரண்டு தங்கைகள் எல்லோரையும் தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போயிருக்கிறார். யாழ்ப்பாணம் தட்டையான ஊர். ஏற்றம் என்பதை அதுவரை அந்தக் கார் கண்டதில்லை. வழியில் கடுகண்ணாவை என்ற இடத்து ஏற்றத்தில் அது மூச்சுவிட்டு நின்றுவிட்டது. மழை வேறு. பட்டுச்சேலையோடு மாமியாரும், சுருட்டோடு மாமனாரும் இறங்கித் தள்ளினார்கள்.

"தம்பி, அண்டைக்கு ஒரு முடிவெடுத்தனான். இனி என்ரை சீவியத்திலை ஒரு ஏத்தத்திலையும் ஒருத்தரையும் இறங்கச் சொல்லமாட்டன்."

அந்த முடிவின் விளைவுதான் சூப்பர்சார்ஜர். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாது என்று, மேலே ஒரு கருவியைப் பூட்டி உள்ளே காற்றை ஊதித் திணிப்பது. சார்லி ஏதோ ஒரு பழைய டீசல் பஸ்ஸிலிருந்து கழற்றி வைத்திருந்தார். தையல் மெஷின் பெட்டியளவு இருக்கும். அதை எஞ்சினுக்கு மேலே பூட்டியதும் பொனட் மூட மறுத்தது. பொனட்டில் சதுரமாக ஒரு ஓட்டை வெட்டினார்கள். அது வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. சாரதிக்கு முன்னால் தெருவின் இடதுபக்கம் மறைந்துபோயிற்று. ஓவசியர் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்து பிரச்சினையைத் தீர்த்தார்.

அதன்பிறகு தொடங்கியது ஒரு யுத்தம். சார்லிக்கு வேண்டியது வேகம். ஓவசியருக்கு வேண்டியது, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, திறப்பின் முதல் திருப்பிலேயே கார் ஸ்டார்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான். ஊதுகிற கருவியைச் சுற்றுவது பெல்ட். பெல்ட் ஓடுவது கப்பியில். கப்பி சிறியதானால் கருவி வேகமாகச் சுற்றும், பெரியதானால் ஆறுதலாகச் சுற்றும். சனிக்கிழமை சார்லி சின்னக் கப்பியைப் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஓவசியர் அதைக் கழற்றிவிட்டுப் பெரிய கப்பியைப் பூட்டுவார். சார்லி சனிக்கிழமை கட்டிய குதிரைகளை ஓவசியர் ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துவிடுவார்.

அதோடு நின்றாரா? சூடு ஏறும் என்று லொறி ரேடியேட்டர் ஒன்றைப் போட்டார். ஒரு பற்றரி செத்தால் என்ன செய்வது என்று இரண்டாவது பற்றரி. இரண்டு பெற்றோல் பம்ப். டிக்கியில் மூன்று மாற்று பெல்ட், ஒரு தண்ணீர்க் கலன், ஒரு முழு கார்புரேட்டர், தீயணைக்கும் குழாய், கயிறு. கடைசியில் சார்லி கொடுத்த சக்தி முழுவதும் ஓவசியரின் பாதுகாப்பைச் சுமப்பதற்கே சரியாகப் போயிற்று.

காலையில் அவர் என்னையும் பரமட்டாவில் இறக்கிவிட்டுத்தான் தன் அலுவலகத்துக்குப் போவார். கார் ஸ்டார்ட் ஆகும்போது குசினி அலுமாரியில் கோப்பைகள் இடம் மாறும். சார்லியின் கோழிகள் ஒரு நொடி அப்படியே உறைந்து நிற்கும். பெற்றோல் நிலையம் ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்ததில் நிற்க வேண்டும். தெருவில் எங்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஊர்வலம் வரும், ஏதோ பெரிய மனிதரின் சவ ஊர்வலம் போல.

சிவப்பு விளக்குகளில்தான் வேடிக்கை. நீளத் தலைமயிர் வைத்த இளைஞர்கள் தங்கள் எட்டு சிலிண்டர் கார்களைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி உறுமவிடுவார்கள். எங்கள் பொனட்டுக்கு மேலே நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறும். கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும். பச்சை விழும். அவர்கள் டயர் புகையோடு பாய்வார்கள். ஓவசியர் எண்ணெய் அழுத்தமானியைப் பார்ப்பார், சூடுமானியைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், பிறகு கை காட்டிவிட்டுப் புறப்படுவார். ஒருவன் கண்ணாடியை இறக்கி, உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று மரியாதையாகக் கேட்டான். ஓவசியர் லொறி ரேடியேட்டரில் தொடங்கி விளக்கினார். பச்சை விளக்கு இரண்டு தரம் வந்து போயிற்று.

மழை நாளில் காரை நிறுத்தினால் அந்தக் கருவியின் வாய்க்குள் தண்ணீர் போய்விடும். அதை மூடுவதற்கு அளவாக வீட்டில் இருந்தது சோற்றுப் பானை ஒன்றுதான். மழை பெய்தால் பானை காரில்; எங்களுக்குச் சோறில்லை, கடை ரொட்டிதான், ஊர்ப் பேச்சில் பாண்.

அப்படி ஒரு மழை நாளில் அக்காவுக்குக் கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம் குராஜோங் மலைக்கு மேலே, முப்பது மைல். அந்தப் பக்கம் ரயில் இல்லை. பள்ளிக்கூடம் திறக்க ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், இருந்தது. அதற்குள் அக்கா கார் ஓட்டப் பழகி, சோதனை பாஸ் பண்ண வேண்டும். இல்லையென்றால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

ஒரு சின்னக் காரை அவருக்கு வாங்கிக் கொடுத்துவிடு என்றார் சார்லி. சின்னக் கார், மலை என்ற இரண்டு சொல்லையும் ஒரே வசனத்தில் கேட்டதும் ஓவசியரின் முகம் கறுத்துவிட்டது. தன் காரிலேயே பழக்குவது என்று முடிவாயிற்று. அக்காவுக்கு நாலு தலையணை வேண்டியிருந்தது.

பழக்கும்போது பின்சீட்டில் நானும் இருந்தேன். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்று ஓவசியர் கேட்டிருந்தார். முதல் இரண்டு கிழமையும் அவர் அக்காவைத் தெருவைப் பார்க்கவிடவில்லை. மானிகளை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது கிழமை, நெடுந்தெருவில், கார் என் முதுகைச் சீட்டோடு சேர்த்து அழுத்தியது. பக்கத்து வேலிக் கம்பங்கள் ஒரே கம்பமாகத் தெரிந்தன.

"பூமணி, என்ன செய்யிறீர்?" ஓவசியரின் குரல் வெளியே வரவில்லை. காற்றுத்தான் வந்தது.

"பலகையிலை அறுபது எண்டு கிடக்கு. முள்ளும் அறுபதிலைதான் நிக்குது."

நாடு அப்போதுதான் மைலை விட்டுக் கிலோமீற்றருக்கு மாறியிருந்தது. பலகைகள் மாறிவிட்டன, காரின் முள் மாறவில்லை. ஓவசியர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, படுத்துவிட்டார். அக்கா குசினியில் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரித்தார்.

சோதனை நாளன்று பரிசோதகர் பலகையும் தாளுமாக வந்தார். உயரமான, சிரிக்காத மனிதர். காரை ஒரு தரம் சுற்றி வந்தார். பிறகு அக்காவின் சேலையைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். ஏறினார். நானும் ஓவசியரும் நடைபாதையில் நின்றோம். ஓவசியரின் கையில் தீயணைக்கும் குழாய்.

காரைப் பார்க்க முடியாவிட்டாலும் சோதனையை நாங்கள் முழுவதும் கேட்டோம். இரண்டு மைல் வட்டாரத்துக்கு அது கேட்டிருக்கும். ஓவசியர் கண்ணை மூடிக்கொண்டு நேர்முக வர்ணனை செய்தார். இப்போது வளைவில் திரும்புகிறார், இப்போது பின்னுக்கு எடுக்கிறார், இப்போது மேட்டில் நிறுத்தி எடுக்கிறார், நல்லது, நல்லது. திடீரென்று சத்தம் நின்றது.

அந்தக் கார் தானாக நின்ற வரலாறு கிடையாது. ஓவசியரின் உதடு வெளுத்துவிட்டது. "நான்தான் பிழை விட்டிட்டன், தம்பி," என்றார். "அவளின்ரை வேலை என்னாலை போச்சுது." ஓடத் தொடங்கினார், குழாயோடு. மூலையைத் தாண்டுவதற்குள் சத்தம் மறுபடி கேட்டது. ஆனால் இது வேறு சத்தம். உறுமல் அலறலாகி, ஒரு தெருவில் தேய்ந்து, இன்னொரு தெருவில் எழும்பி, கடைசியில் கார் எங்கள் முன்னால் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் பரிசோதகர் இருந்தார். அக்கா பக்கத்துச் சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

ஓட்டிய ஆளை இறக்கிவிட்டுப் பரிசோதகரே கொண்டுவருகிறார் என்றால் பெயில் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பரிசோதகர் இறங்கினார், கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார், ஓவசியரின் கையைக் குலுக்கினார், நடந்து போய்விட்டார்.

நடந்ததை அக்கா சொன்னார். சோதனை முடிந்ததும் அந்த மனிதர் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

"முதல்லை ரிசல்ற்றை எழுதுங்கோ, பிறகு திறப்பைத் தாறன் எண்டனான்," என்றார் அக்கா. "எழுதித்தான் வச்சிருந்தவர், பாஸ் எண்டு. வாங்கிப் பாத்திட்டுத்தான் குடுத்தனான்."

அன்றிலிருந்து கார் அக்காவுடையதாயிற்று. ஓவசியர் குடையோடு ரயிலில் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்பையும் அக்காவே எடுத்துக்கொண்டார். நான் ஓட்டுகிற காரை நானே பார்க்கிறேன் என்றார். அக்கா தினமும் அந்த மலையில் ஏறி இறங்கினார். ஒருநாளும் பிந்தவில்லை. பின்னேரம் நாலரைக்குத் தூரத்தில் சத்தம் கேட்கும். ஓவசியர் வேலை முடிந்து நேரத்தோடு வருகிற நாட்களில் வாசலில் நின்று கேட்டு, "சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

குளிர்காலத்தில் ஒருநாள் நாலரைக்குச் சத்தம் வரவில்லை. அவரும் நானும் வீட்டில் இருந்தோம். ஐந்தாயிற்று. மழை. ஐந்தரைக்கு ஓவசியர் தெருவில் இறங்கிவிட்டார். குடையை எடுக்கவில்லை. நான் பின்னால் கொண்டு போனேன், அவர் பிடித்துக்கொள்ளவில்லை. சார்லியும் கொட்டகையை விட்டு வந்து எங்களோடு நின்றார்.

ஆறு மணிக்குக் கிட்ட, சத்தமே இல்லாமல், சாதாரணக் கார் ஒன்று போல அந்த மஞ்சள் கார் மெதுவாக வந்து சேர்ந்தது. மலையில் பெல்ட் அறுந்திருக்கிறது; டிக்கியில் மாற்று பெல்ட் இருந்தும் அந்த மழையில் பூட்ட முடியவில்லை. பெல்ட் அறுந்தால் ஊதுகிற கருவி நின்றுபோகும். எஞ்சினுக்கு மூச்சு முட்டி அதுவும் நின்றுபோகும். இதை நினைத்து, யாருக்கும் சொல்லாமல், பிஸ்கற் பேணித் தகரத்தில் ஓவசியர் ஒரு சின்னக் கதவு செய்து பூட்டியிருந்தார். பெல்ட் அறுந்தால் அந்தக் கதவு தானாகத் திறந்து எஞ்சின் தன்பாட்டில் மூச்சு விடும். அப்படியே மூச்சு விட்டிருக்கிறது. சார்லி அந்தத் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஓவசியருக்கு விளங்காதது ஒன்றுதான். பெரிய கப்பியில் பெல்ட் அறுவதற்கு நியாயமில்லை. பொனட் ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே இருந்தது சின்னக் கப்பி. சார்லி அவசரமாகக் கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"எவ்வளவு நாளாய்?" என்று கேட்டார் ஓவசியர்.

"பள்ளிக்கூடம் போன முதல் கிழமையிலை இருந்து," என்றார் அக்கா. "நான்தான் சார்லியைப் பூட்டச் சொன்னனான்."

மழை பெய்துகொண்டே இருந்தது. ஓவசியர் அந்தக் கப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை மட்டும் போகுது?"

"தொண்ணூறு பாத்தனான். மைல்."

நான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். ஓவசியர் முகத்து மழையைத் துடைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறீரோ?"

போனார்கள். புதுப் பெல்ட் போட்டு, சின்னக் கப்பியோடு. திரும்பி வந்தபோது ஓவசியரின் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைமயிர் முழுவதும் பின்னால் நின்றது. இறங்கி, நடந்து வந்து, படியில் உட்கார்ந்து, நெடுநேரம் கழித்து எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தது என்று என்னிடம் சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். அன்று மூன்று பேரும் சமைக்கவே மறந்துபோனோம்.

நல்ல இடம் ஒன்று கிடைக்கும்வரை, ஒரு இரண்டு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அந்தப் பின் அறைக்கு நான் வந்தேன். ஆறு வருடம் இருந்தேன்.