மொழுமொழு டயருக்கு ஒரு தீர்மானம்

எங்கள் பேரூராட்சிக்குச் சொந்தமாக ஒரு ஜேசிபி உண்டு. அதை ஓட்டுகிறவர் பெயர் கடற்கரை. போன மே மாதம் அவர் செயல் அலுவலர் ஆனந்தவள்ளியின் மேசை முன்னால் போய் நின்றார்.

"மேடம், பின் டயர் ரெண்டும் பட்டன் தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிட்டு. சாரல் தொடங்குததுக்குள்ள கீழத்தெரு ஓடையைத் தூர் வாரணும். இந்த டயரோட சேத்துல இறங்குனா வழுக்கிரும்."

கீழத்தெரு ஓடை, பெயருக்குத்தான் ஓடை. வருஷா வருஷம் சாரலில் அது ஓடாமல், அந்தத் தெரு மாடத்தியின் அடுக்களைக்குள் வந்து நின்றுகொள்ளும். போன வருஷம் அரிசிப் பானை மிதந்தது.

"புது டயர்ல என்ன பட்டன் வேணும்?" என்று கேட்டார் ஆனந்தவள்ளி.

"ரெண்டு வகை இருக்கு மேடம். ஆழமா, எட்ட எட்ட இருந்தா சேத்துக்கு. நெருக்கமா இருந்தா ரோட்டுக்கு. நமக்குச் சேத்துக்குள்ளதுதான்."

கடற்கரை அங்கேதான் தவறினார். இரண்டு வகை இருந்தால் தேர்வு செய்ய வேண்டும். தேர்வு செய்ய ஒரு குழு வேண்டும். ஆகவே 'சக்கரத் தடப் பொருத்தப்பாட்டு ஆய்வுக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. தலைவர், கவுன்சிலர் முத்துகுமரன்.

முத்துகுமரன் தம் வார்டுத் தெரு முழுக்கக் கலர்க்கல் பதித்து, முனையில் செல்ஃபி எடுக்க இரண்டு இறக்கை வரைந்து வைத்தவர். அவர் முதல் கூட்டத்திலேயே கேட்டார்.

"ஆழமான பட்டன் ஏறுனா என் கல்லு பேந்திராதா?"

"ஓடைக்கு அந்தத் தெரு வழியாப் போக வேண்டாமே சார்" என்றார் கடற்கரை.

"போனா?"

அந்த 'போனா?' அப்படியே ஆட்சேபணையாகப் பதிவானது.

அடுத்ததாக, ஈரத்தில் பிடிமானம் எப்படி இருக்கும் என்பதைக் கள ஆய்வு செய்யக் குழு குற்றாலத்துக்குப் புறப்பட்டது. உறுப்பினர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வழுக்கலை, கோடை மழையில் கொட்டிக்கொண்டிருந்த ஐந்தருவியில் அரை நாள் நேரடியாக ஆராய்ந்தார்கள். டயரை யாரும் கொண்டுபோகவில்லை.

அறிக்கை பதினெட்டுப் பக்கம். டயர் கல்லைப் பெயர்க்கக் கூடாது, தெருவில் தடம் பதிக்கக் கூடாது, சேற்றை இழுத்து வரக் கூடாது, இரைச்சல் போடக் கூடாது.

படித்துப் பார்த்த கடற்கரைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், இப்படி டயர் எந்தக் கடையிலயும் கிடையாது. நம்ம வண்டியில இப்பம் கெடக்கே மொட்டை டயரு, அதுதான் நீங்க சொல்லுத மாதிரி இருக்கு!"

முத்துகுமரன் முகம் மலர்ந்தது. "இதை எழுதிக்கோங்க மேடம். ஓட்டுநரே சொல்லுதாரு."

'துறைசார் வல்லுநரின் கருத்தினை ஏற்று, தற்போதுள்ள டயர்களே மிகப் பொருத்தமானவை எனத் தீர்மானிக்கப்படுகிறது.' தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கடற்கரைக்கு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள்.

ஜூன் முதல் வாரம் சாரல் பிடித்தது. மாடத்தி அடுக்களையில் கணுக்கால் தண்ணீர். அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"நாங்க என்ன மீன் வளக்கவா வீடு கட்டியிருக்கோம்?"

உடனே வண்டியை இறக்க உத்தரவு பறந்தது. இறங்கினால் என்ன ஆகும் என்று கடற்கரை இன்னொரு முறை சொன்னார். வல்லுநர் தம் கருத்துக்கு எதிராகத் தாமே பேசக் கூடாது என்றார்கள். இறக்கினார். வண்டி கரையிலிருந்து சொகுசாகச் சறுக்கி, ஓடைக்குக் குறுக்கே சாய்ந்து படுத்தது. கடற்கரை சேற்றில் புரண்டு வெளியே வந்தார். கொஞ்ச நஞ்சம் போய்க்கொண்டிருந்த தண்ணீரும் நின்றது. மாடத்தி வீட்டில் கணுக்கால் முழங்காலானது.

மறுநாள் குற்றாலத்துக்குப் போன வெளியூர்க் கார் ஒன்று அங்கே நின்றது. பின்னால் மேகம் இறங்கிய மலை, பச்சை வயல், நடுவே சாய்ந்து கிடக்கும் மஞ்சள் வண்டி. படம் எடுத்துப் போட்டார்கள். நாலே நாளில் கீழத்தெருவில் நடக்க இடமில்லை. சுக்குக் காப்பி, மிளகாய் பஜ்ஜி, நுங்கு, பலாச்சுளை. மாடத்தி தன் வாசலிலேயே அடுப்பு மூட்டி முட்டை போண்டா போட்டாள். அடுக்களையில்தான் தண்ணீராயிற்றே.

இதற்கிடையில் மேலிடத்தில் யாரோ கண்டித்ததால், ஆழமான பட்டன் வைத்த புது டயர் இரண்டும் வந்து இறங்கின. கடற்கரை கிரேனோடு ஓடையோரம் வந்தார். தெருவே திரண்டு மறித்தது.

"ஏலே கடற்கரை, வண்டியில கையை வச்சே பாத்துக்கோ!" என்றாள் மாடத்தி.

"என்னக்கா இது? வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கி!"

"தண்ணி என்னைக்காவது வடிஞ்சிரும். வந்த கூட்டம் போனா திரும்ப வருமா?"

தெருக்காரர்கள் நூற்றிருபது பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். எங்கள் பேரூராட்சி வரலாற்றில் கொடுத்த அன்றே முடிவான மனு அது ஒன்றுதான். வண்டி அங்கேயே இருக்கும். புது டயர்களுக்கு ரோஸ் பெயின்ட் அடித்து, பார்வையாளர்கள் உட்காரப் போடப்படும்.

அடுத்த திங்கட்கிழமை ஆனந்தவள்ளி மேசைக்கு மேலத்தெரு மனு வந்தது. அங்கே ஓடை ஒழுங்காக ஓடுகிறது. ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறுவதில்லை. அரசு கீழத்தெருவுக்கு மட்டும் சலுகை காட்டி ஓரவஞ்சனை செய்வதாகவும், தங்கள் ஓடையிலும் ஒரு வண்டியை உடனே சாய்த்துத் தருமாறும் மிகுந்த பணிவுடன் கேட்டிருந்தார்கள்.

முதல் கையெழுத்து கடற்கரையுடையது. அவர் வீடு மேலத்தெருவில்தான்.