ஏழு பொன்னுசாமி

படிக்காதவர்கள் தவறு செய்தால் ஒரு நாளைக்கு ஒன்று செய்வார்கள். படித்தவர்கள் டீ ஆறுவதற்குள் எண்பது செய்துவிடுவார்கள். இதை நான் எங்கும் படிக்கவில்லை, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இருந்ததில்லை (பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் சொல்வேன்). நான் பத்தாவது படிக்கும்போது, ஒடுகத்தூர் புளி வியாபாரி ஒருவர் நீட்டிய தாளில் அப்பா கட்டைவிரலை வைத்தார். எங்கள் புளிய மரங்களுக்கு ஒரு வருஷக் குத்தகை என்று நினைத்துத்தான் வைத்தார். தாளில் மூன்று வருஷம் என்று இருந்தது. அன்று நான் ஆடிய ஆட்டத்தை ஊரே வந்து நின்று பார்த்தது. இன்னா எழுதிக்கீதுன்னு தெரியாமல் ஒரு மனுஷன் கைநாட்டு வைப்பானா என்று பெற்ற அப்பாவை எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் விரலில் இருந்த மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு, நான் படித்துச் சொல்லாத எந்தத் தாளும் எங்கள் வீட்டில் அவர் விரலுக்குப் போனதில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். மீறியவளும் நான்.

பட்டம் வாங்கியதும் போளூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓர் அறக்கட்டளை ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியது. ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களின் பெயர்களை முகாமிலேயே எக்செல்லில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் அதை அவர்களுடைய புரோகிராமில் ஏற்ற வேண்டும். அது ரொம்பப் பழைய புரோகிராம். எக்செல் கோப்பை மொத்தமாகக் கொடுத்தால் வாங்காது. பெயர், அப்பா பெயர், ஊர், வயது, எந்தக் கண் என்று ஒவ்வொரு கட்டமாகக் கையால் அடித்து, சேவ் பட்டனை அழுத்தினால்தான் அதற்குத் திருப்தி.

என்னோடு வேலை செய்த ஷகிலா அக்கா பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பட்டம் வாங்கியவள் செய்கிற வேலையாகத் தெரியவில்லை.

விண்டோஸில் ஒரு பட்டன் வேலை செய்ய விரல் தேவையில்லை. நாம் மவுஸை அழுத்தும்போது, 'உன்னை அழுத்திவிட்டார்கள்' என்று ஒரு செய்திதான் அந்தப் பட்டனுக்குப் போகிறது. அதே செய்தியை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி நாமே அனுப்பினாலும் பட்டன் நம்பிவிடும். அனுப்பியது ஆளா, பேயா என்று அது கேட்பதில்லை. எழுதும் கட்டமும் அப்படித்தான். 'உனக்குள் பொன்னுசாமி என்று வைத்துக்கொள்' என்று செய்தி அனுப்பினால் வைத்துக்கொள்ளும். நான் நாலைந்து நாள் உட்கார்ந்து, எக்செல்லில் ஒவ்வொரு வரியாக எடுத்து, அந்தப் புரோகிராமின் ஜன்னலைத் தேடிப் பிடித்து, கட்டங்களை நிரப்பி, சேவ் பட்டனுக்குச் செய்தி அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. நடுநடுவே 'கன்ஃபர்ம்' என்ற தலைப்போடு ஒரு சின்னப் பெட்டி வந்து வழிமறிக்கும். போன் நம்பர் இல்லையே, பரவாயில்லையா என்று கேட்கும். யெஸ், நோ என்று இரண்டு பட்டன். யெஸ் என்றால்தான் வேலை நகரும். ஆகவே, இந்தத் தலைப்பில் எந்தப் பெட்டி வந்தாலும் அதன் முதல் பட்டனுக்குச் செய்தி அனுப்பிவிடு என்று ஸ்கிரிப்டில் இரண்டு வரி சேர்த்தேன். சேர்த்துவிட்டு, இப்படி ஒரு மூளை மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறதே என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஷகிலா அக்கா என் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பொட்டி வந்தா இன்னா கேக்குதுன்னு ஒரு தபா படிச்சுப் பாரும்மே," என்றார்.

"அது எப்பவும் கேக்குறதுதாங்க்கா. அதையெல்லாம் படிச்சிகினு இருந்தா வேலை எப்ப முடியும்?"

(மேலே உள்ள பதிலைச் சொன்னவள், புளி வியாபாரியின் தாளுக்காக ஊரைக் கூட்டியவளேதான்.)

போளூரைச் சுற்றியுள்ள ஊர்களின் பட்டியல்கள் ஒரு குறையும் இல்லாமல் ஏறின. சென்டர் முதலாளி முரளி சார், வருகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து என் கம்ப்யூட்டரைக் காட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரையில் பெயர்கள் தாமாக ஓடும்.

கடைசியாக எங்கள் மலைப் பட்டியல் வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் என் அப்பாவும் உண்டு. அவருக்கு வலது கண் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது, இடது கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் முதலில் இருக்கட்டும் என்று அந்த வரியை வெட்டி எல்லாருக்கும் மேலே ஒட்டினேன் (அதிகார துஷ்பிரயோகம் என்றால் என்னவென்று கல்லூரியில் படித்திருந்தேன்). ஸ்கிரிப்டை ஓட விட்டுவிட்டு டீ குடித்தேன். டம்ளர் காலியாகும்போது வேலை முடிந்திருந்தது.

ஷகிலா அக்கா மட்டும் எட்டிப் பார்த்து, புரோகிராம் நூற்று முப்பத்தொன்று என்றுதான் காட்டுகிறது என்றார். பழைய புரோகிராம், அதற்கு எண்ணத் தெரியாது என்று சொன்னேன்.

இப்போது எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். வெள்ளையன் மகன் பொன்னுசாமி, பொன்னுசாமி மகன் வெள்ளையன், மறுபடியும் வெள்ளையன் மகன் பொன்னுசாமி. ஏழெட்டுப் பெயர்கள்தான் ஊருக்குள் சுற்றிச் சுற்றி வரும். எங்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. நெட்டைப் பொன்னுசாமி இருக்கிறார். காட்டுப்பன்றி தொடையைக் கிழித்ததால் பன்னிக்கடி பொன்னுசாமி. என் அப்பா ஓடையோரத்துப் பொன்னுசாமி. புரோகிராமில் பன்றிக்கும் ஓடைக்கும் கட்டம் இல்லை. குக்கிராமத்தின் பெயர் போடக்கூட இடமில்லை, பஞ்சாயத்தின் பெயர்தான். ஆகவே இரண்டாவது வெள்ளையன் மகன் பொன்னுசாமி வந்ததும் பெட்டி வந்து, இவர் டூப்ளிகேட், பழையவரை நீக்கிவிட்டு இவரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறது. என் ஸ்கிரிப்ட் யெஸ் என்றிருக்கிறது. மூன்றாமவர் வந்தபோதும் யெஸ். முதல் வரியில் நான் ஆசையாக ஒட்டிய அப்பாதான் முதலில் போனார்.

இது எதுவும் தெரியாமல், ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வேன் வரும் ஞாயிற்றுக்கிழமை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். இந்தப் பட்டியலை நான்தான் கை வைக்காமல் ஏற்றினேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, போர்வையும் தட்டும் வைத்த பையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் பேரே உன் பேர்தான் என்று நான் சொல்லியிருந்தேன்.

வேனோடு வந்த நர்ஸ் தாளைப் பார்த்துப் படித்தார். "பொன்னுசாமி, அப்பா பேர் வெள்ளையன்."

ஏழு பேர் எழுந்தார்கள்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. தாளில் ஒரே ஒரு பொன்னுசாமிதான் இருக்கிறார், வயது ஐம்பத்தொன்று, இடது கண் என்றார். அது பன்னிக்கடி. மற்ற ஆறு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வெள்ளையன்கள் வந்தபோது ஐந்து பேர் நின்றார்கள், ஒருவர் வேனில் ஏறினார். அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், டூப்ளிகேட் என்று நீக்கப்பட்டவர்கள் எண்பத்தொரு பேர் என்று இருந்தது.

"யாரோ யெஸ் குடுத்திருக்காங்கம்மா," என்றார் நர்ஸ். அந்த யாரோ என்ன நிறச் சுடிதார் போட்டிருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

நான் கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் பட்டியல்படிதான் ஒதுக்கியிருக்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நர்ஸ் சொன்னார். அப்போது பன்னிக்கடி வேனிலிருந்து இறங்கி அப்பாவிடம் வந்தார். "மாமா, நீங்க ஏறுங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியுது. பேரு ஒண்ணுதானே."

"இவருக்கு எடது கண்ணு, அவருக்கு வலது கண்ணு," என்றார் நர்ஸ். "மாத்தி ஆபரேஷன் பண்ணச் சொல்றீங்களா?"

பன்னிக்கடியை மறுபடி ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. போர்வைப் பையோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், எப்படி ஆச்சு பாப்பா என்று அப்பா கேட்டார். பெட்டி, பட்டன், செய்தி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அந்தப் பொட்டியில இன்னா எழுதியிருந்துச்சுன்னு நீ படிக்கல?"

"இல்லப்பா."

போர்வைப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"நானு படிக்கத் தெரியாம கைநாட்டு வச்சேன். நீ படிச்சிட்டு வச்சிருக்கே."

மறுநாள் முரளி சார், உங்கள் ஊரில் பெயருக்குக்கூடப் பஞ்சமா என்று ஆபீஸே கேட்கும்படி கேட்டார். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. இரண்டு பொன்னுசாமிகளைப் பார்த்தே இராதவன் எழுதிய புரோகிராம் அது, அவனை மன்னிக்கலாம். ஏழு பொன்னுசாமிகளுக்கு நடுவில் வளர்ந்த என்னை எந்தக் கணக்கில் மன்னிப்பது? எண்பத்தொரு பேரையும் கையால் அடித்தேன். ஒவ்வொரு பெட்டியையும் படித்தேன். டூப்ளிகேட் என்று கேட்டபோதெல்லாம் நோ என்றேன், இருவரையுமே வைத்துக்கொண்டது. ஷகிலா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பாதியை அடித்துக் கொடுத்தார். சொன்னேனே என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த வேன் வர நாலு மாதம் ஆனது. அதற்குள் ஒரு நாள் அப்பா வலது பக்கம் இருந்த கல் தெரியாமல் ஓடைக்கரையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு கோணலாகக் கூடியது. அந்த வருஷம் அவரால் புளி உலுக்க முடியவில்லை. பிறகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அந்தக் கோணலை இரண்டு கண்ணாலும் தெளிவாகப் பார்க்கிறார்.

என் ஸ்கிரிப்ட் இப்போது பெட்டியில் உள்ளதைப் படிக்கும். தெரியாத வார்த்தை இருந்தால் நின்றுவிடும், நான் வந்து படிக்கும்வரை அசையாது. இதை ஊரில் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் மெச்சவில்லை. அவர்கள் வேறொரு திருத்தத்தை எப்போதோ செய்து முடித்திருந்தார்கள். முப்பது வருஷமாகப் பன்னிக்கடியாக இருந்தவர் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரிஜினல் பொன்னுசாமி ஆகிவிட்டார்.

போன மாதம் லீவுக்குப் போயிருந்தேன். புதுத் தபால்காரர் கையில் ஒரு கவருடன் தெருவில் நின்று, வெள்ளையன் மகன் பொன்னுசாமி வீடு எது என்று விசாரித்தார். எதிர் வீட்டு அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். தபால்காரர் திகைத்துப்போய்க் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"டூப்ளிகேட் வூடு இதாங்க. உள்ள வாங்க. எம் பொண்ணு கீது, படிச்சுச் சொல்லும்."