உள்மனசுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

கோபத்திலும் மரியாதை குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி, ஓவியன் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்பவன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் தூரிகைகளும் நலம். உன் நலம் அறிய அத்தானுக்குப் போன் செய்தேன். "அவகிட்ட குடுக்கவா? வேண்டாம்ப்பா, நானும் இந்த வீட்லதானே இருக்கணும்" என்று வைத்துவிட்டார். ஆகவே கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக நான் நீலம் நீலமாக வரைந்து தள்ளியது உனக்குத் தெரியும். "சுவரு ஓதம் அடிச்ச மாதிரி இருக்கு" என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. கண்காட்சிகளில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடிகாரமும் கையுமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்துக்கு ஓர் ஆள் நாலு வினாடி, ஏசிக்குக் கீழே மாட்டிய படத்துக்கு மட்டும் ஆறு. சரி, எழுத்தைச் சேர்த்தால் நின்று படிப்பார்களே என்று 'வெறுமை தன் நிழலைத் தேடுகிறது' என்று பெரிதாக எழுதி மாட்டினேன். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கெடச்சுதா சார்?" என்று கேட்டார். அன்றே அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன்.

நீ தினமும் காலையில் அனுப்பும் குரல் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் நான் வர்ணம் குழைப்பது வழக்கம். ஒருநாள், புதுத் தூரிகை எப்படி ஓடுகிறது என்று பார்க்க, காதில் விழுந்ததை அப்படியே ஓவியத் துணியில் எழுதினேன். 'சாப்பிட்டியான்னு கேட்டா ஆமா, இல்லைன்னு சொல்லு. வியாக்கியானம் வேண்டாம்.' பக்கத்தில் ஒரு காலித் தட்டு வரைந்தேன். கலைக்கூடம் நடத்தும் அம்மாள் ஒருவர் அதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "இதே மாதிரி இன்னும் பத்து போடுங்க" என்றார். போட்டேன். 'உன் அத்தான் நல்லவர். சொன்னா எதையும் செய்வார். நானும் இருபது வருஷமா சொல்லிட்டுதான் இருக்கேன்' என்ற படத்தின் முன்னால் ஜோடி ஜோடியாக வந்து நின்று முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். ஒரு பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு வந்து பதினொன்றையும் படித்துச் சிரித்துவிட்டு, அங்கேயே போனை எடுத்து, "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். என் நீலம் இத்தனை வருஷத்தில் யாரையும் யாருக்கும் போன் போட வைத்ததில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷன். பத்திரிகைக்காரப் பெண் வந்து, "இந்த வார்த்தையெல்லாம் யாரோடது சார்?" என்று கேட்டாள். எங்க அக்காவோடது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் தாடியை வேறு தடவிக்கொண்டு, "என் உள்மனசோட குரல்" என்றேன். அது தாடியோடு அச்சில் வந்தது. அன்று வந்ததுதான் உன் கடைசிக் குரல் செய்தி: "உள்மனசா? சின்ன வயசுலேர்ந்து உனக்கு மூக்கு சிந்தி விட்டவளுக்கு இப்போ பேரு உள்மனசா?" பத்தொன்பது நாளாகப் போன் வாய் திறக்கவில்லை. முதல் மூன்று நாள் எழுத வரி கிடைக்கவில்லையே என்றுதான் தவித்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலாம் நாள்தான் உறைத்தது, நான் சாப்பிட்டேனா என்று கேட்க இந்த ஊரில் ஒரு ஜீவன் இல்லை. உன் குரல் இல்லாமல் எனக்கு முடியவில்லை அக்கா.

ஆகவே உறுதி கூறுகிறேன். பதினொரு படங்களையும் இன்றே இறக்கிவிடுகிறேன். இனி உன் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லையும் தொடமாட்டேன். நீலத்துக்கே திரும்பிவிடுகிறேன். நீ பேசினால் போதும், திட்டுவதற்காவது கூப்பிடு.

அத்தானுக்கு ஒரு வணக்கம், அவர் பொறுமைக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
நாலு வயதிலிருந்து உன் கையில் மூக்கு சிந்திய தம்பி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் இதைக் கலைக்கூடத்து மேஜையில் வைத்தது என் தப்பு. படங்களை இறக்கியதில் சுவர் மொட்டையாகிவிட்டதென்று அந்த அம்மா கடிதத்தையே மாட்டிவிட்டார். தடுத்திருப்பேன், ஆனால் முதலில் வந்தவரே ஆறு நிமிடம் நின்று படித்தார், எனக்குக் கை எழவில்லை. ஆக, உனக்கு வருவது நகல். நேற்று நான் டீ குடிக்கப் போன நேரத்தில் யாரோ அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்: 'நாலு வயசு இல்ல, ரெண்டு. நீலத்துக்குத் திரும்பறேன்கிறது பொய். இவன் சாப்பிட்டானான்னு யாராவது கேளுங்க.' அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அவ்வளவு தூரம் வந்தும் என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாய். அந்த வரிகளைப் பெரிதாக எழுதப் பன்னிரண்டாவது துணியை இழுத்துக் கட்டிவிட்டேன். கீழே 'சொன்னது என் அக்கா' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். காலையிலிருந்து கடிதத்தைப் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தூணுக்குப் பின்னால் வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். எல்லோரிடமும் ஆமா என்கிறேன்.

உனக்கு மட்டும் வியாக்கியானம் இல்லாமல் சொல்கிறேன். இல்லை அக்கா.