கொசுவிரட்டி மிஷினும் பாம்புக் காதும்

ஒரு காட்டில் கொசுவும் அதிகம், அதிகாரிகளும் அதிகம். இரண்டு கூட்டமும் குடிப்பது ஒன்றையே என்பதால் குடிமக்கள் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் கொசுவையாவது தின்பதற்கு அங்கே ஒருத்தி இருந்தாள். அவள் செல்லாயி என்ற வௌவால்.

செல்லாயிக்குக் குரல் இரண்டு. ஒன்று அக்கம்பக்கத்தில் பேச, இன்னொன்று பிழைப்புக்கு. அந்தி சாய்ந்ததும் பிழைப்புக் குரலில் கீச்சிட்டுக்கொண்டு கிளம்புவாள். வேறு யார் காதிலும் விழாத உச்சக் குரல் அது. போன சத்தம் கொசுவின்மேல் மோதித் திரும்பி வரும். வந்த திசையில் வாயைக் கொண்டுபோய் வைத்தால் சாப்பாடு. மரத்தில் மோதித் திரும்பினால் ஒதுங்கிப் போவாள். அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. அவள் தின்றால்தான் அதற்குப் பால்.

இப்படியிருக்கையில் தாண்டவராயன் என்ற குரங்கு, மூடிக் கிடந்த விருந்தினர் மாளிகையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“கொசுவிரட்டி மிஷின்! பகல்ல வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி ஓடும். புகை கிடையாது, நாத்தம் கிடையாது, சத்தம் கிடையவே கிடையாது” என்று அதை அரசமரத்தில் கட்டினான். காடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. “பெரிய இடத்து மிஷின்னா இப்படித்தான், வாயே திறக்காது” என்று மான்கள் மெச்சிக்கொண்டன.

மிஷின் வாயைத் திறந்துதான் இருந்தது. செல்லாயியின் பிழைப்புக் குரல் எந்த உயரமோ அதே உயரத்தில் ஓயாமல் வீறிட்டது. கொசுக்கள் அதைச் சட்டையே செய்யவில்லை. செல்லாயிக்கோ கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. திரும்பி வருவது தன் கீச்சா, மிஷினின் கீச்சா என்று தெரியாமல் நேராகப் போய் ஒரு தேக்கில் மோதினாள். எழுந்து பறந்து பக்கத்துத் தேக்கில் மோதினாள். வெறும் வயிற்றோடு திரும்பினாள். குட்டி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது.

தின்ன ஆளில்லாமல் கொசு பெருகியது. கொசு பெருகியதென்று தாண்டவராயன் இன்னொரு மிஷினையும் கொண்டுவந்து கட்டினான். காடு கைதட்டியது. கைதட்டும்போது கொஞ்சம் கொசு செத்தது. அந்தப் பெயரும் மிஷினுக்கே போயிற்று.

செல்லாயி சத்தத் தொல்லை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி நாகரத்தினம் என்ற சாரைப்பாம்பு. ‘பாம்புக் காது’ என்று உலகமே சொல்லும்போது பரீட்சை எதற்கு என்று சிங்கராஜா அவரை நேரடியாக நியமித்திருந்தார். நாகரத்தினம் எந்நேரமும் தாடையை மேஜைமேல் சாத்தியபடியே இருப்பார். மனு சொல்ல வருகிறவர்களும் அதே மேஜையில் வாயை ஒட்டவைத்து, கட்டைக் குரலில் பேச வேண்டும். அது மரியாதைக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள்.

செல்லாயியும் வாயை ஒட்டவைத்துச் சொன்னாள். “ஐயா, அரசமரத்து மிஷின் கத்துற கத்துல என்னால பொழைக்க முடியல. குட்டிக்குப் பால் வத்திப்போச்சு.”

நாகரத்தினம் தாடையை அழுத்திக்கொண்டு வெகுநேரம் கவனித்தார். “எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா.”

“உங்களுக்குக் கேக்காதுங்க. எனக்குக் கேக்குது.”

“எனக்கே கேக்காதது எப்படிம்மா சத்தமாகும்?”

செல்லாயி தனக்குப் பின்னால் நின்ற வரிசையைக் காட்டினாள். “சத்தம்னா ஒரு தள்ளுதாங்க. கடைசியில நிக்கிற எருமையண்ணன் முன்னால இருக்கிறவரை இடிச்சா, அவர் அடுத்தவரை இடிப்பாரு. இடிச்சிட்டு அவங்கவங்க இடத்துக்கே வந்துடுவாங்க. தள்ளு மட்டும் இங்க வரைக்கும் வந்து சேரும். காத்தும் இப்படித்தான் வரிசையில நிக்குது. மெதுவா தள்ளினா கட்டைக் குரல், வெடுக்கு வெடுக்குன்னு தள்ளினா கீச்சுக் குரல். அதுக்கும் மேல வேகமாத் தள்ளினா உங்க யாருக்கும் கேக்காது, எனக்கு மட்டும் கேக்கும்.”

எருமைக்குச் சொல்லவா வேண்டும்? காலையிலிருந்து நின்ற கடுப்பில் ஓங்கி ஓர் இடி இடித்தது. பன்றி மானை இடிக்க, மான் முயலை இடிக்க, முயல் போய் மேஜையில் முட்டியது.

நாகரத்தினம் துள்ளி எழுந்தார். “இது சத்தம்! இதுவல்லவா சத்தம்! பிடி அந்த முயலை!”

“நான் வாயே திறக்கலையே ஐயா” என்று முயல் கதறியது. மேஜையில் வாய் வைக்காமல் கதறியதால் அது அவருக்கு எட்டவில்லை. முயலின் வாயில் இலையைக் கட்டி மூலையில் உட்கார வைத்தார்கள்.

செல்லாயிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த அதிகாரிக்குக் காது தாடையில் இருக்கிறது. கீழே எது அதிர்கிறதோ அதுதான் அவருக்குச் சத்தம். காற்றில் எத்தனை கத்தினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நேராகப் பெரியநாயகி என்ற யானையிடம் போனாள். “அக்கா, என் கஷ்டம் யாருக்குமே கேக்க மாட்டேங்குது.”

“என்னுது மட்டும் கேக்குதா என்ன?” என்றாள் யானை. “மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கச்சிகிட்ட தினம் பேசுறேன். அடிவயித்துக் குரல், ஒருத்தர் காதுலயும் விழாது. ‘பெரியநாயகி எவ்வளவு அமைதியான பொம்பளை’ன்னு மாலை போட்டிருக்காங்க. அவ வீட்டுக்காரரை நான் திட்டுறது கேட்டா காட்டை விட்டே துரத்திடுவாங்க.”

செல்லாயிக்கு அழுகை வந்துவிட்டது. காட்டுக்குக் கேட்கிற அளவுக்கு மேலே தன் குரல், கீழே யானையின் குரல். நடுவில் இருப்பவர்கள்தான் எது சத்தம், எது அமைதி என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

“அக்கா, மறுபடி மனுக் கொடுத்து அதிகாரியை அரசமரத்துக்கே வரவைக்கிறேன். மிஷின் ஓடுறப்ப நான் சிறகை அடிச்சதும் நீங்க காலை ஓங்கி மிதிக்கணும், அவ்வளவுதான்” என்றாள்.

“இது பொய்யாச்சேடி.”

“குட்டி அழக்கூட தெம்பில்லாம கிடக்குதுக்கா.”

யானை ஒரு காலைத் தூக்கி மிதித்துப் பார்த்துக்கொண்டாள்.

விசாரணை நாளன்று நாகரத்தினம் அரசமரத்தடியில் தாடையைத் தரையில் வைத்துப் படுத்தார். தாண்டவராயன் மரத்தில் ஏறி மிஷினை ஓடவிட்டான். செல்லாயி சிறகை அடித்தாள். மூங்கில் புதருக்குப் பின்னால் பெரியநாயகி ஒரு மிதி மிதித்தாள்.

“ஐயோ, காது கிழியுதே!” என்று அலறினார் அதிகாரி, இல்லாத காதைத் தேடித் தடவ வாலைத் தூக்கிக்கொண்டு.

மிஷினை நிறுத்தச் சொன்னார். அமைதி. போடச் சொன்னார். தொம்! மறுபடி நிறுத்தினால் அமைதி, போட்டால் தொம்.

“ஐயா, அது யானைங்க! புதருக்குப் பின்னால நிக்குதுங்க!” என்று தாண்டவராயன் உச்சிக் கிளையிலிருந்து கத்தினான். உச்சிக் கிளையில் கத்தினால் தாடைக்கு எப்படி வந்து சேரும்? சுற்றி நின்ற எல்லாருக்கும் யானையின் பின்பக்கம் நன்றாகவே தெரிந்தது. பாம்புக் காதே கேட்டுவிட்ட பிறகு நம் கண்ணை நம்பலாமா என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

மிஷின்கள் இரண்டையும் சதுப்புச் சேற்றில் புதைக்கும்படி உத்தரவாயிற்று.

அன்று அந்தியில் செல்லாயி கீச்சிட்டாள். கீச்சு சுத்தமாகத் திரும்பி வந்தது. தின்றாள், தின்றாள், அப்படித் தின்றாள். குட்டி முட்ட முட்டக் குடித்துவிட்டு அவள் வயிற்றிலேயே தூங்கியது. அதைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு பொய்யும் பொய்யாகத் தெரியவில்லை.

சீக்கிரமே கொசு குறைந்தது. தாண்டவராயன் ஊரைக் கூட்டினான். “பாத்தீங்களா! மேல கட்டினதுதான் தப்பு. சேத்துக்குள்ள போட்டதும் மிஷின் எப்படி வேலை செய்யுது!” சிங்கராஜா அவனுக்கு மாலை போட்டார். நாகரத்தினம் சேற்றில் தாடையை வைத்துப் பார்த்து, மிஷின் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது என்று சான்றளித்தார்.

பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை. “கொசுவைத் தின்னது நீ, மாலை அவனுக்கா? இப்பவாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லேன்டி.”

செல்லாயி வாயைத் திறந்தாள். ஒரு கொழுத்த கொசு வந்தது. நிதானமாக மென்று விழுங்கினாள்.

“எதுக்குக்கா? உண்மை தெரிஞ்சா மறுபடியும் மேல கட்டிடுவாங்க.”

நீதி: அதிகாரிக்குக் காது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு யானையை மிதிக்கச் சொன்னால், உண்மை தானாகவே நிரூபணமாகும்.